பூக்க மறந்த கொடி

மணி பிளான்ட் இல்லாத அபார்ட்மென்ட் ஒன்றைக் காட்டுங்கள், பார்க்கலாம்! பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, ஒரு துண்டுக் கொடியை வெட்டிச் செருகினால் போதும். டி.வி. பக்கத்தில், பால்கனிக் கம்பியில், வெயிலே எட்டிப் பார்க்காத பாத்ரூம் ஜன்னலில்கூட ஜம்மென்று வளரும். காசு கொடுத்து வாங்கக் கூடாது, பக்கத்து வீட்டிலிருந்து அவர்களுக்குத் தெரியாமல் கிள்ளிக்கொண்டு வந்து வைத்தால்தான் பணம் கொட்டும் என்று ஒரு நம்பிக்கை வேறு. (கிள்ளப்பட்ட வீட்டில் பணம் குறையுமா என்பதைப் பற்றி அந்த நம்பிக்கை வாயே திறப்பதில்லை!)

ஒரு சின்னக் கேள்வி. அந்தக் கொடி பூத்து நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா?

பார்த்திருக்க மாட்டீர்கள். பெரிய பெரிய தாவரவியல் நிபுணர்களே பார்த்ததில்லை. உலகத்தில் எத்தனையோ கோடி வீடுகளில் வளரும் ஒரு கொடி, தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-ல். அதற்கப்புறம் நிசப்தம்!

'பூக்காவிட்டால் என்ன? இலைதானே அழகு' என்பீர்கள். வாஸ்தவம். ஆனால், தாவரவியல்காரர்களுக்கு அது பெரிய தலைவலி. காரணம், ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். அவர் 1753-ல் தாவரங்களுக்கெல்லாம் ரேஷன் கார்டு மாதிரி இரட்டைப் பெயர் போட்டு வரிசைப்படுத்தியபோது, பார்த்தது முக்கியமாகப் பூவைத்தான். எத்தனை மகரந்தக் காம்பு, எத்தனை சூல்முடி என்று எண்ணி எண்ணிச் செடிகளைப் பிரித்தார். இலை ஏமாற்றும். வெயில், நிழல், வயசுக்குத் தகுந்தபடி உருவம் மாற்றும். பூ அவ்வளவு சுலபமாக மாறாது. ஆகவே, எந்தச் செடி எந்தக் குடும்பம் என்று கேட்டால் 'பூவைக் காட்டு' என்பார்கள். பூவே இல்லாவிட்டால்?

மணி பிளான்ட்டை 1880-ல் முதன்முதலில் விஞ்ஞானப் பெயர் சூட்டி வெளியிட்டவர்கள் லிண்டன், ஆந்த்ரே என்ற இருவர். லிண்டன், பெல்ஜியத்தில் பெரிய நர்சரி வைத்திருந்தவர். வெப்பமண்டலச் செடிகளுக்கு ஐரோப்பியப் பணக்காரர்கள் பைத்தியமாக அலைந்த காலம் அது. கண்ணாடிக் கூடாரங்கள் கட்டி, வெந்நீர்க் குழாய்கள் ஓடவிட்டு, நடுங்கும் குளிரில் அமேசான் காட்டை வளர்த்தார்கள்! புதுசாக வந்த இந்தப் பொன்னிறக் கொடிக்கு 'போத்தோஸ் ஆரியஸ்' என்று பெயர் வைத்தார்கள். சாலமன் தீவுகளிலிருந்து வந்தது என்று நெடுங்காலம் நம்பினார்கள். அதுவும் தப்பு. நிஜமான சொந்த ஊர், பசிபிக் கடலில் தாஹிதிக்குப் பக்கத்தில் இருக்கும் மோரியா என்ற குட்டித் தீவு.

போத்தோஸ் என்ற பெயரிலும் ஒரு கதை. பதினேழாம் நூற்றாண்டில், டச்சுக்காரர்கள் ஆண்ட இலங்கையில் பால் ஹெர்மன் என்ற டாக்டர் இருந்தார். வைத்தியம் பார்த்த நேரம் போக, செடிகளைக் காய வைத்துச் சேகரித்தார். அந்தச் சேகரிப்பு பிற்பாடு லின்னேயஸ் கைக்குப் போனது. மரத்தைப் பற்றி ஏறும் ஒரு கொடிக்குச் சிங்களத்தில் 'போத்த' என்று பெயர். அதையே கொஞ்சம் நீட்டி 'போத்தோஸ்' என்று லின்னேயஸ் எழுதிவிட்டார். ஆக, இலங்கைக் காட்டுக் கொடி ஒன்றின் பெயரை, மோரியா தீவுக் கொடிக்கு பெல்ஜியத்தில் ஒட்டினார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க நர்சரிக்காரர்கள் மணி பிளான்ட்டை 'போத்தோஸ்' என்றுதான் விற்கிறார்கள்.

நிபுணர்கள் சும்மா இருக்கவில்லை. 1908-ல் ஜெர்மனியின் எங்ளர் 'இது போத்தோஸ் இல்லை, சிண்டாப்ஸஸ்' என்றார். 1962-ல் அபூர்வமாக ஒரு பூ கிடைத்தது. உடனே 'ஐயையோ, இது ரேபிடோஃபோரா' என்று அடுத்த பெயர். 1964-ல் 'அதுவுமில்லை, எபிப்ரெம்னம்' என்று நாலாவது பெயர். நடுவில் கொஞ்ச காலம், தனி இனமே கிடையாது என்று இன்னொரு கொடியோடு சேர்த்துக்கூட வைத்திருந்தார்கள். இப்போது எபிப்ரெம்னம் ஆரியம் என்பதில் நிற்கிறது. பூவைக் காட்டாத ஒரே குற்றத்துக்காக இத்தனை பெயர் மாற்றம்!

அந்தப் பூதான் எப்படி இருக்கும்? கல்யாண ரிசப்ஷன் பூங்கொத்துகளில், சிவப்பாக, வார்னிஷ் அடித்தாற்போல் ஒரு பூ இருக்குமே... ஆந்தூரியம். அதில் சிவப்பாகத் தெரிவது பூவே அல்ல. அது பாளை. தென்னையில் பூவை மூடியிருக்கிற அதே சமாசாரம்தான். நடுவில் திரி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதில்தான் நூற்றுக்கணக்கான பொடிப் பூக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். ஒரு பாளை, ஒரு திரி. இந்த அடையாளம் இருந்தால் அது அரேசியே குடும்பம். தமிழில் சொன்னால் சேம்புக் குடும்பம். சேம்பு, சேனைக்கிழங்கு, மணி பிளான்ட், ஹோட்டல் வரவேற்பறைகளில் நிற்கும் டைபன்பேக்கியா, இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கும் மான்ஸ்டெரா... மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். எல்லாம் ரத்த சொந்தம்!

சொந்தத்துக்கு இன்னொரு அத்தாட்சி நம் சமையலறையிலேயே இருக்கிறது. சேம்பு, சேனை நறுக்கினால் கை அரிக்கும். சரியாக வேகாவிட்டால் தொண்டை நமநமக்கும். செடிக்குள்ளே கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நிஜமாகவே கூர்மையான ஊசிகள்! நம் பாட்டிமார்கள் மைக்ராஸ்கோப் இல்லாமலேயே புளி சேர்த்து வேக வைத்துச் சமாளித்தார்கள். அதே ஊசி மணி பிளான்ட் இலையிலும் உண்டு, டைபன்பேக்கியாவில் ரொம்பவே உண்டு. தவழும் குழந்தை இருக்கும் வீடுகளில் இந்தச் செடிகளை உயரத்தில் வைப்பது நல்லது.

இந்தக் குடும்பத்தின் வயது கிட்டத்தட்ட டைனோசர் சமாசாரம். போர்ச்சுகல் நாட்டில் கிடைத்த மகரந்தப் படிவம் ஒன்று, சுமார் பதினோரு கோடி வருஷத்துக்கும் முந்தியது என்கிறார்கள். பூக்கும் தாவரங்களே அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தன. அவ்வளவு பழைய குடும்பம், அத்தனை காலத்தில் கற்றுக்கொண்ட முக்கியமான வித்தை... பித்தலாட்டம்!

1878-ல், இத்தாலியைச் சேர்ந்த பெக்காரி என்ற இயற்கையியலாளர் சுமத்ரா காட்டில் ஒரு ராட்சசப் பூவைப் பார்த்தார். ஆள் உயரத்தைத் தாண்டிய திரி, அதைச் சுற்றி அண்டா மாதிரி ஒரு பாளை. டைட்டன் ஆரம். நம்ம சேனைக்கிழங்குக்கு நேரடி ஒன்றுவிட்ட அண்ணன். பெக்காரி அனுப்பிய கிழங்குகளை மார்செய் துறைமுகத்தில் மடக்கிவிட்டார்கள். திராட்சைப் பூச்சிக்குப் பயந்து, வெளிநாட்டு உயிர்ச் செடிகளுக்குத் தடை போட்டிருந்தது ஃபிரான்ஸ். கிழங்குகள் அழுகிப் போயின. விதைகள் மட்டும் ஃப்ளாரன்ஸ் போய்ச் சேர்ந்து முளைத்தன. அதில் ஒரு கன்று லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், 1889-ல் பூத்தது. பார்க்க ஓடி வந்த ஜனங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். செத்த மாட்டு நாற்றம்!

அந்த நாற்றம் ஈக்களுக்கும் வண்டுகளுக்குமான அழைப்பிதழ். அழுகின மாமிசம் என்று நம்பி முட்டையிட வருகிற பூச்சி, ஏமாந்துபோய் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த பூவுக்குப் போய் மறுபடி ஏமாறும். நாற்றம் ஊரெல்லாம் பரவ, திரி தன்னையே சூடாக்கிக்கொள்கிறது. செடிக்குக் காய்ச்சல்! பூ சுடுகிறது என்று 1778-லேயே ஃபிரெஞ்சு விஞ்ஞானி லமார்க் எழுதி வைத்தார். இந்தக் குடும்பத்தில் சில பூக்கள் நாற்பது டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுகின்றன. அடுப்பை மூட்டும் ரசாயனம் சாலிசிலிக் அமிலம் என்று 1987-ல் கண்டுபிடித்தார்கள். மனுஷனுக்குக் காய்ச்சலை இறக்கும் ஆஸ்பிரினின் தாய்ச் சரக்கு, இந்தப் பூவுக்குக் காய்ச்சலை ஏற்றுகிறது. ராட்சச அண்ணனைப் பார்க்க சுமத்ரா போக வேண்டாம், நம் ஊர் சேனைத் தோட்டத்தில் பூ வரும் சமயம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அதே நாற்றம், சின்ன சைஸில்.

குடும்பத்தின் முதல் பெரிய கணக்குப்பிள்ளை, ஆஸ்திரியாவின் ஹைன்ரிஷ் ஷாட். இளம் வயதில் 1817-லிருந்து நாலு வருஷம் பிரேசில் காடுகளில் திரிந்தவர். பிறகு வியன்னாவில் சக்கரவர்த்தியின் ஷோன்பிரன் தோட்டத்துக்குத் தலைவரானார். நூற்றுக்கணக்கான இனங்களுக்குப் பெயர் வைத்தார். டைபன்பேக்கியா என்பது அவருடைய தலைமைத் தோட்டக்காரரின் பெயர்தான்! ஷாட் செய்த இன்னொரு காரியம், பார்த்த செடிகளையெல்லாம் ஓவியர்களை வைத்து வரைய வைத்தது. மூவாயிரத்துச் சொச்சம் படங்கள். 1865-ல் அவர் இறந்து, எண்பது வருஷம் கழித்து, உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அவருடைய காய்ந்த செடிச் சேகரிப்பில் பெரும்பகுதி எரிந்து சாம்பலானது. படங்கள் பிழைத்தன. அசல் எரிந்துபோன பல செடிகளுக்கு இன்று அந்தச் சித்திரங்கள்தான் சாட்சி.

ஷாட்டும் எங்ளரும் கண்ணால் பார்த்துப் போட்ட கணக்கை, இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் டி.என்.ஏ. வந்து திருத்தியது. குட்டைகளில் பச்சைப் பாசி மாதிரி மிதக்கிற, கடுகைவிடச் சின்ன உல்ஃபியா என்ற செடி இருக்கிறது. பூக்கும் தாவரங்களிலேயே மிகச் சிறியது. அது இந்தக் குடும்பம்தான் என்று தீர்ந்தது. ஆக, ராட்சசனும் சுண்டைக்காயும் ஒரே வீட்டில்! அதே சமயம், காலம் காலமாக வீட்டோடு இருந்த வசம்பை 'நீ வேற ஆளு' என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். குழந்தைக்கு உரைத்துக் கொடுப்போமே, அந்த வசம்புதான். பெயரைச் சொன்னாலே ஆகாது என்று 'பேர் சொல்லாதது' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இப்போது அது தனிக்குடித்தனம். ஒருவித்திலைத் தாவரங்கள் எல்லாவற்றிலிருந்தும் முதலில் பிரிந்துபோன கிளை அது என்கிறார்கள்.

மணி பிளான்ட் மட்டும் ஏன் இந்தப் பூ வித்தையைக் கைவிட்டது? 2016-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் விடை சொன்னார்கள். அதற்கு முன், ஜப்பானியர்களுக்கு ஒரு நன்றி சொல்லிவிட வேண்டும். அவர்கள் நெல் வயலில் சில நாற்றுகள் மட்டும் வெளிறிப்போய் ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்து விழும். 'பகானே' என்பார்கள். முட்டாள் நாற்று என்று அர்த்தம். ஒரு பூஞ்சைக் காளான் சுரக்கும் சரக்கால் வரும் வினை என்று 1926-ல் குரோசாவா என்பவர் காட்டினார். அந்தச் சரக்குதான் ஜிப்ரெலின். செடிகள் தாங்களே அளவாகத் தயாரித்துக்கொள்ளும் ஹார்மோன் அது என்பது பிறகு தெரிந்தது. வளரவும், பல செடிகளில் பூக்கவும் அதுதான் சிக்னல்.

மணி பிளான்ட்டில் ஜிப்ரெலின் தயாரிக்கிற ஒரு ஜீன் சரியாக வேலை செய்யவில்லை. அவ்வளவுதான்! வெளியிலிருந்து ஜிப்ரெலின் தெளித்ததும், அரை நூற்றாண்டுக்கும் மேலாக மௌனமாக இருந்த கொடி பாளை தள்ளியது. சமத்தாக ஒரு திரி, அதைச் சுற்றி ஒரு மடல். குடும்ப முத்திரை அப்படியே இருந்தது.

பூக்காத கொடிக்கு விதை கிடையாது. விதை இல்லாமல் அது மோரியாவிலிருந்து மொட்டை மாடி வரை வந்தது முழுக்க முழுக்க நம் கைகளால்தான். வெட்டினோம், நட்டோம், திருடினோம். நம் வீட்டுக் கொடிகள் எல்லாம் ஏதோ ஒரு சில கொடிகளின் நகல்கள். நகல் என்றாலும் லேசுப்பட்டதில்லை. தரையில் விட்டு, ஏற ஒரு மரத்தைக் கொடுத்தால், பாட்டிலில் வெற்றிலை சைஸில் இருந்த இலை முறம் அளவுக்குப் பெருக்கும். கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகெலே என்று ஒரு பழைய காப்புக்காடு உண்டு. யாரோ அழகுக்கு வைத்த மணி பிளான்ட் அங்கே ஏக்கர் கணக்கில் தரையையும் மரங்களையும் மூடிவிட்டது. போத்தோஸ் என்று பெயர் கொடுத்த தீவுக்கு, அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு போய்ச் செய்த கைம்மாறு!

அழகுச் செடி நகலாக இருந்தால் பெரிய ஆபத்தில்லை. சோறு போடும் செடி நகலானால்?

அதைக் கேட்க வேண்டிய இடம் சமோவா. பசிபிக் தீவுகளில் சேம்புதான் அரிசி. நம்மிடமும் அது பழைய ஆள்தான். காற்றில் ஆடும் சேம்பு இலையை ஆண் யானையின் காதுக்கு ஒப்பிடும் பாட்டு குறுந்தொகையில் இருக்கிறது. (இங்கிலீஷ்காரனும் பிற்பாடு அதை 'யானைக் காது' என்றுதான் அழைத்தான்!) பப்புவா நியூகினியில், 2008-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான குக் சதுப்பு நிலத்தில், பத்தாயிரம் வருஷத்துக்கு முந்திய கல் கருவிகளில் சேம்பு மாவு ஒட்டியிருந்தது. இந்தப் பக்கத்திலிருந்துதான் படகு ஏறி, தீவு தீவாகப் பசிபிக் முழுக்கப் போனது சேம்பு. போனது விதையாக அல்ல. பக்கக் கன்றாக. விவசாயி பூவுக்காகக் காத்திருப்பதில்லை. கிழங்கைத் தின்றுவிட்டுத் தலையை நட்டால் முளைக்கும்போது, பூ எதற்கு? கிழக்கே போகப் போக ரகங்கள் குறைந்தன. சேம்பு பூப்பதும் அபூர்வமாகிவிட்டது.

1990-லும் 91-லும் இரண்டு பெரும் புயல்கள் சமோவாவைச் சூறையாடின. அப்போது அதற்கு மேற்கு சமோவா என்று பெயர். வாழையும் தென்னையும் சாய்ந்த இடத்தில் ஜனங்கள் சேம்பு நட்டார்கள். பெரும்பாலும் 'நியூவே' என்ற ஒரே ரகம். ருசி பிரமாதம், நியூசிலாந்தில் நல்ல விலை. தோட்டத்துக்குத் தோட்டம் அதே சேம்பின் நகல். 1993 ஜூலையில் இலைகளில் பழுப்பு வட்டங்கள் தென்பட்டன. ஃபைட்டோஃப்தோரா. 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தில் தள்ளிய கிருமிக்குப் பங்காளி. ஜாவாவில் 1900-லேயே அடையாளம் கண்ட பழைய எதிரி, சமோவாவுக்குப் புதுசு. ஈரக் காற்றில் பரவியது. ஒரு நகலைக் கொல்லத் தெரிந்த கிருமிக்கு, எல்லா நகலையும் கொல்லத் தெரியும். சில மாதங்களில் நாடு முழுக்க இலைகள் கருகின. ஏற்றுமதியில் முதலிடத்தில் இருந்த சேம்பு, 1994-ல் கிட்டத்தட்ட பூஜ்யம்! ஞாயிற்றுக்கிழமை விருந்தில் சேம்பு இல்லாமல் ஒரு சமோவாக் குடும்பம் உட்கார்ந்தது என்றால், பொங்கலன்று நம் வீட்டில் அரிசி இல்லாத மாதிரி.

மருந்து அடித்துப் பார்த்தார்கள். மழை கழுவிக்கொண்டு போனது. பலாவு, மைக்ரோனேஷியா தீவுகளில் நோயைத் தாங்கும் சேம்புகள் இருந்தன. சமோவா நாக்குக்குப் பிடித்த சேம்போடு அவற்றைக் கலக்க வேண்டும். கலக்க வேண்டுமென்றால் பூ வேண்டும். சேம்புதான் பூக்கவே மறந்துவிட்டதே? ஜிப்ரெலின் தெளித்தார்கள். அதே முட்டாள் நாற்றுச் சரக்கு! பாளைகள் வந்தன. சமோவாவில் இருக்கும் தென்பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் உட்கார்ந்து, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் கையால் தடவினார்கள். தூசி மாதிரி விதைகள். முளைத்த கன்றுகளை விவசாயிகளிடமே கொடுத்தார்கள். நட்டு, நோய் பார்த்து, அவித்துத் தின்று, மார்க் போட்டது அவர்கள்தான். ஆசியச் சேம்புகளையும் பிற்பாடு சேர்த்தார்கள். ஏற்றுமதி மறுபடி தலைதூக்க ஏறக்குறைய இருபது வருஷம் ஆனது. எனக்கென்னவோ, ஆள் வைத்துக் கட்டின அணைக்கட்டுகளைவிட இது பெரிய சாதனையாகப் படுகிறது.

இதே கலப்பு வேலை ஹவாயில் வேறு மாதிரி முடிந்தது. ஹவாய் பல்கலைக்கழகம், உள்ளூர்ச் சேம்பையும் பலாவுச் சேம்பையும் கலந்து மூன்று புது ரகங்களை உண்டாக்கி, 2002-ல் பேட்டன்ட் வாங்கியது. பயிரிடும் விவசாயி பல்கலைக்கழகத்துக்கு ராயல்டி கட்ட வேண்டும். உலகத்தில் பல இடங்களில் நடக்கிற வியாபாரம்தான். ஆனால், ஹவாய்ப் பூர்வகுடிகள் கொதித்துப் போனார்கள். காரணம், அவர்களுடைய பழங்கதை. ஆகாயத் தந்தை வாக்கேயாவுக்கு முதலில் பிறந்த குழந்தை இறந்தே பிறந்தது. வீட்டுப் பக்கத்தில் புதைத்தார்கள். அந்த இடத்தில் முளைத்தது, நீண்ட தண்டும் நடுங்கும் இலையுமாக ஒரு சேம்பு. இரண்டாவதாகப் பிறந்த பிள்ளைக்கு அண்ணனின் பெயரையே வைத்தார்கள். ஹாலோவா. அவன் வழி வந்தவர்கள்தான் ஹவாய் மக்கள். குடும்பம் என்பதற்கு அவர்கள் சொல்லும் 'ஓஹானா' என்ற வார்த்தையே, சேம்பின் பக்கக் கன்றைக் குறிக்கும் 'ஓஹா'விலிருந்து வந்ததுதான்.

'எங்கள் அண்ணனுக்கு நீங்கள் எப்படி பேட்டன்ட் வாங்குவீர்கள்?' இதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. பல்கலைக்கழகத்தின் வக்கீல்களிடம் அதற்குப் பதில் இருந்ததாகத் தெரியவில்லை. 2006 ஜூனில் மூன்று பேட்டன்ட்களையும் பல்கலைக்கழகம் கைவிட்டது. அந்தக் காகிதங்களை எல்லோர் முன்னிலையிலும் கிழித்துப் போட்டார்கள்.